காணாமல் போன பதினோரு சாமைப் பெட்டிகள்

பார்சல் எடுக்க வருகிற அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுதினால் என் அசட்டுத்தனத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்குமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போகட்டும், மானம் போனது போனதுதான், எழுதிவிடுகிறேன்.

வடக்கனந்தலில் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் சாமையும் தினையும் விற்கிறேன். கல்வராயன் மலையில் வாங்கி, கல் பொறுக்கி, பாக்கெட் போட்டு ஊர் ஊராக அனுப்புகிற வேலை. கூரியர் கம்பெனியில் வேலை செய்யும் அந்தப் பெண் தினமும் பதினொன்றரை மணிக்கு வந்து பெட்டிகளை எடுத்துப் போவாள். முப்பது வயதிருக்கும். வண்டியின் முன்னால் இரண்டு மூட்டை, பின்னால் அவள் தலைக்கு மேல் எழும்பி நிற்கும் பை. அத்தனையையும் வைத்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் வண்டியை அவள் வளைக்கிற அழகைப் பார்க்கவே நான் வாசலுக்கு வந்து நிற்பேன். ஒரு பெட்டியைக்கூட அவள் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. ஓரம் நசுங்கியிருந்தால் எடுக்கவும் மாட்டாள்.

"இன்னாக்கா இது? இத எடுத்துக்கினு போனா போய்ச் சேரும்போது பொட்டி அப்பளமாத்தான் இருக்கும். வேற பொட்டில போட்டுக் குடுங்க."

எனக்குச் சுள்ளென்று வரும். முணுமுணுத்துக்கொண்டே வேறு பெட்டி எடுப்பேன். ஒரு வருஷத்தில் அவள் எடுத்துப் போன பெட்டி ஒன்றுகூட உடைந்து வந்ததாக யாரும் சொன்னதில்லை.

வியாபாரம் கொஞ்சம் கூடியதும் கூடவே ஓர் ஆளை வைத்துக்கொண்டேன். எனக்குச் சாமை கொடுக்கிற மலை வீட்டு அம்மாதான். மகள் கள்ளக்குறிச்சியில் படிக்கிறாள் என்று கீழே வந்து தங்கியிருந்தார். பாக்கெட் போடும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு நான் ஃபோனும் கையுமாக உட்கார்ந்தேன். அந்த மாதமே பிடித்தது சனி. பெட்டிகள் காணாமல் போக ஆரம்பித்தன. எல்லாம் இல்லை, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று. ஃபோனில் பார்த்தால் "எடுத்தாகிவிட்டது" என்று இருக்கும். அதற்கு மேல் ஒரு தகவலும் இருக்காது. "மேடம், சாமை இருக்கா, இல்ல இனிமேத்தான் வெதைக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். பதினோராவது பெட்டியும் போனதும், இன்னும் ஒரு புகார் வந்தால் கடையை மூடிவிடுவோம் என்று விற்பனைத் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தால் கண் தெரியாது. என் வாசலுக்கும் அவர்கள் குடோனுக்கும் நடுவில் பெட்டியைத் தொடுவது யார்? அவள் ஒருத்திதானே! கூரியர் கம்பெனியின் புகார்ப் பக்கத்தைத் திறந்து, "வாசலில் வந்து எடுக்கும் பெண் மீதே எனக்குச் சந்தேகம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. வேறொரு ஆள் வந்து பெட்டிகளைப் பந்து மாதிரி பைக்குள் எறிந்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் காலை அவள் நடந்து வந்தாள். சீருடை இல்லை, வண்டி இல்லை. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, பதினோரு பொட்டியும் கெடைச்சிடுச்சு!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஆபீசில் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். அவள் நேராக பஸ் ஏறி உளுந்தூர்பேட்டை குடோனுக்குப் போயிருக்கிறாள். காவலாளியிடம் கெஞ்சி உள்ளே நுழைந்து, பாதி நாள் மூட்டை மூட்டையாகப் புரட்டியிருக்கிறாள். ஒரு மூலையில் பதினொன்றும் கிடந்திருக்கின்றன.

"ஒட்டுன டேப்பு ஒட்டுனபடியே கெடக்குதுக்கா. நீங்க எழுதன எடைய விட ஜாஸ்தியா இருக்குன்னு மெஷின் ஒதுக்கிடுச்சு. ஒதுக்கனத யாரும் திரும்பிப் பாக்கல."

"என் தராசு பொய் சொல்லுமா?" என்று பாய்ந்தேன். அட்டைப்பெட்டியோடு சேர்த்து, பெட்டி மேல் எழுதுகிற ஒரு கிலோவுக்குள் அடங்கட்டும் என்றுதான் தொள்ளாயிரம் கிராம் பாக்கெட்டே போடுகிறேன்.

"பொய் சொல்லாதுக்கா. பாக்கெட் போடறத ஒரு வாட்டி பாத்துடலாமா?"

உள்ளே போய் நின்றோம். மலை வீட்டு அம்மா தொள்ளாயிரம் கிராம் துல்லியமாக நிறுத்தார். தராசிலிருந்து பாக்கெட்டை இறக்கினார். பிறகு சாக்கில் கைவிட்டு ஒரு பிடி சாமையை அள்ளி அதில் போட்டு ஒட்டினார்.

"இன்னாம்மா பண்றீங்க!" என்று கத்தினேன்.

அவர் என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நெறுத்தது வெலைக்கு. இது சாப்புடறவங்களுக்கு. தானியத்த வெறும் அளவோட குடுத்தா எங்க ஊர்ல சிரிப்பாங்க. உங்களுக்கும் இத்தினி வருஷமா அப்டித்தானே குடுத்துக்கினு இருக்கோம், தெரியாதா?"

தெரியாது. சாமை அளந்து வாங்கிய நாளெல்லாம் கடைசியில் விழுந்த பிடியை நான் கவனித்ததே இல்லை. பிடி கொஞ்சம் பெரிதாக விழுந்த பெட்டிகள்தான் ஒரு கிலோவைத் தாண்டி மாட்டியிருக்கின்றன. நிறுக்கும்போதே அந்தப் பிடியையும் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். நிறுத்துவிட்டால் அது விலைக்குள் போய்விடும், அப்புறம் அது பிடி ஆகாது என்று சொல்லிவிட்டார். அசைந்து கொடுக்கவில்லை. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. கடைசியில் பார்சல்காரப் பெண்தான், "பொட்டி மேல ஒண்ணரை கிலோன்னு எழுதிடுங்கக்கா, தீந்துச்சு" என்று வழி சொன்னாள். அன்றிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன்.

டீ கொடுத்துவிட்டு, ஆபீசில் விஷயத்தைச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா. எட கம்மியா எழுதனாங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, ஏமாத்தறாங்கன்னு ஆபீஸ்ல சைட்டுக்குச் சொல்லி உங்க கடைய மூட வெச்சிடுவாங்க. நீங்களே வந்து தெரியாம நடந்துச்சுன்னு சொன்னா விட்டுடுவாங்க. அதான் மொதல்ல இங்க வந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நான் பதில் குடுக்கணும். இல்லன்னா வேல போயிடும். யாரோ ஆபீஸ்ல எம்மேல சந்தேகப்படறாங்கக்கா."

யாரோ! அந்த யாரோ நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் கிழியப் பேசுகிறவள், அன்றைக்கு டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு பேரும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி ஆபீசுக்குப் போனோம். நடந்ததை எல்லாம் மேனேஜரிடம் சொல்லி, தவறு என் வீட்டில்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் நல்ல மனுஷர். விற்பனைத் தளத்துக்கு நானே எழுதிவிடுகிறேன், கடைக்கு ஒன்றும் ஆகாது, இவளும் நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார். பிறகு என் புகாரைக் கம்ப்யூட்டரில் திறந்து, முடித்து வைப்பதற்காக வாய்விட்டுப் படித்தார். வாசலில் வந்து எடுக்கும் பெண் மீதே எனக்குச் சந்தேகம்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு வருஷமா தெனம் உங்க வாசலுக்கு வர்ற பொண்ணு. எழுதறதுக்கு முன்னாடி இவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கல சார்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "வரட்டுங்களா சார், புள்ள ஸ்கூல் விட்டு வந்துடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நாளைக்கு வேறு ஆளைத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் பதினொன்றரைக்கு அவளே வந்தாள். ஏழு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தாள். "எழுதன எடைக்குள்ளதான் இருக்குக்கா" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். புது நோட்டு, அவள் காசில் வாங்கியது. முதல் பக்கத்தில் பெட்டி எண்கள் ஏழையும் வரிசையாக எழுதியிருந்தாள்.

"இன்னிக்கு எங்கிட்ட குடுத்தது இந்த ஏழுதான்னு ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரு கையெழுத்து போடுங்கக்கா."

ஏழு இடத்திலும் போட்டேன்.