டப்பாக்காரி விமானம் ஏறிய நாள்

என் தங்கையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அவள் கம்பெனியில் கேட்டார்கள். அவளுடைய களிம்பு கடைகளுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறதாம். பெரிதாக அச்சடித்து அலுவலகச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். "எங்க அக்காதான் ஆரம்பத்துலேருந்து கூட இருந்தாங்க, அவங்களே எழுதட்டும்" என்று அவளே சொல்லிவிட்டாள். உழைப்பு, தாய்ப்பாசம், விடாமுயற்சி என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் தங்கை எட்டு வருஷம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மூத்தது பெண். பிறந்த மூன்றாம் மாதத்திலேயே அந்தக் குழந்தைக்குத் தோல் வறண்டு வெடிக்க ஆரம்பித்தது. முழங்கை மடிப்பு, மணிக்கட்டு, முழங்காலுக்குப் பின்னால் எல்லாம் சிவந்து கிடக்கும். தூக்கத்திலேயே பிராண்டிக்கொள்ளும். காலையில் பார்த்தால் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள். அதனால்தான் நான் அவளைப் பூனைக்குட்டி என்று கூப்பிடுவேன். டாக்டர்கள் கொடுத்த களிம்பு நாலு நாள் கேட்கும், ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

இரண்டாவது குழந்தையான பையன் வயிற்றில் இருக்கும்போது தங்கை வேலையை விட்டுவிட்டு வீட்டில் தானே எண்ணெயும் தேன்மெழுகும் உருக்க ஆரம்பித்தாள். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், அதில் ஒரு கரண்டி, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். சூடு ஒரு புள்ளி ஏறினாலும் இவள் மூஞ்சி மாறிவிடும். அந்த அடுப்பில் சமையல் நடந்த நாளைவிட மெழுகு உருகிய நாள்தான் அதிகம். டப்பாக்களை வெந்நீரில் போட்டெடுத்துத் துணியில் கவிழ்த்து வைப்பாள், யாராவது தும்மினால் போச்சு, திரும்பவும் எல்லாவற்றையும் வெந்நீரில் போடுவாள். லேபிள் ஒட்டுவது என் வேலை. கோணலாக ஒட்டுகிறேன் என்று தினமும் பாட்டு வாங்குவேன்.

அவளுடைய ஆராய்ச்சிக்கூடம் என் கைதான். புதிதாக எது செய்தாலும் தன் கையின் உள்பக்கத்திலும் என் கையின் உள்பக்கத்திலும் பூசி, பேனாவால் சுற்றி வட்டம் போட்டு, நம்பர் எழுதுவாள். ஒரு முழு நாள் அதைக் கழுவக் கூடாது. ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர், "ஏம்மா, பச்சை குத்தினவன் பாதியில ஓடிட்டானா?" என்று கேட்டார்.

ஐந்தாவது முயற்சியில் களிம்பு சரியாக வந்தது. பூனைக்குட்டியின் கை ஆறியது. ஒரு ராத்திரி முழுக்க அவள் சொறியாமல் தூங்கியதைத் தங்கை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம், பைத்தியக்காரி. அதற்குப் பிறகு பக்கத்து வீடு கேட்டது, மாடி வீடு கேட்டது, பள்ளிக்கூட வாசலில் நின்ற அம்மாக்கள் கேட்டார்கள். அந்தத் தெருவில் அவளுக்கு டப்பாக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவள் புருஷன் கப்பலில் வேலை. வருஷத்தில் இரண்டு தடவை தரையைப் பார்க்கிற மனுஷன். போனில் சொன்னார்: "இந்தத் தெரு வியாபாரம் எத்தனை நாளைக்கு? பெரிய கடை ஏதாவது எடுத்துக்குதான்னு ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாரு. ஆகலைன்னா பேசாம மருந்துக்கடைக்கே போயிடு." இவளும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மருந்துக்கடைக்குப் போனால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் திரும்ப முடியும். இரண்டு குழந்தைகளும் காப்பகத்தில் கிடக்கும், அங்கே பூனைக்குட்டியின் கையை யார் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறார்கள்? இந்த ஒரு முயற்சியில்தான் அவள் உயிரே இருந்தது.

ஊர் ஊராகக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடைக்கு எழுதிப் போட்டாள். அங்கே என்ன பொருள் வாங்கலாம் என்று முடிவு செய்கிற மேடமே போனில் பேசினார். இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, களிம்பில் மணம் வேண்டும். "மூடியைத் திறந்தா வாசனை வரலைன்னா யாரும் வாங்க மாட்டாங்க." இரண்டாவது, "அந்தப் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அவளாலதானே ஆரம்பிச்சீங்க? நான் பாக்கணும்."

மண எண்ணெய் பார்சலில் வந்து சேர்ந்தபோது பயணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. கலந்தாள், வட்டம் போட்டாள், என் கையிலும் அவள் கையிலும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தோல் எருமைத் தோல், என்ன ஆகும்? "குட்டிக்குப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன். "அவளுக்கு எதுக்குக்கா? அவளுக்குத்தான் பழைய டப்பா இருக்கே" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற பயணம். பையனுக்கு எட்டு மாதம், தாய்ப்பால் குடிக்கிறவன், அவனை விட்டுவிட்டுப் போக முடியாது. அவனைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். எங்கள் யாருக்குமே அது முதல் விமானம். ஆனால் சட்டதிட்டம் எல்லாம் தங்கைக்குத் தலைகீழ்ப் பாடம். கிரீம், தண்ணீர் எதுவானாலும் சின்ன டப்பாவில்தான் இருக்க வேண்டும், ஓர் ஆளுக்கு உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பைதான். சாம்பிள் டப்பாக்களை மூன்றாகப் பிரித்து அவளுக்கு ஒரு பை, எனக்கு ஒரு பை, பூனைக்குட்டிக்கு ஒரு பை என்று கட்டினாள். ஐந்து வயசுக் குட்டி அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பெரியம்மா, நானும் வியாபாரம் பண்றேன்" என்றது.

சாம்பிள் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், வீட்டு டப்பாவைக் கோட்டைவிட்டாள். பூனைக்குட்டிக்குத் தினமும் பூசுகிற பழைய களிம்பு, மணமில்லாதது, ஒரு பெரிய டப்பாவில் பையனின் துணிகளோடு இருந்தது. அவள் கணக்கில் அது சரக்கே கிடையாது. துண்டு, அரைத்துணி மாதிரி அதுவும் ஒரு வீட்டுச் சாமான்.

விமான நிலையத்தில் பைகளைச் சோதனை போட நின்ற பெண் அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது என்னம்மா?"

"என் பொண்ணோட களிம்புங்க. வீட்டுல செஞ்சது. அவளுக்கு இது இல்லாம முடியாது."

"அளவு அதிகமா இருக்கே. மருந்துன்னா டாக்டர் சீட்டு வேணும். சீட்டு இருக்கா?"

தங்கையின் முகம் செத்துவிட்டது. எட்டு வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனை பேரிடம் அதே கேள்வியைக் கேட்டிருப்பாள்! அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. "வேணும்னா இப்ப கொஞ்சம் பூசிட்டுப் போங்கம்மா" என்றுகூடச் சொன்னாள். பின்னால் வரிசை நெளிந்தது, பையன் வீறிட்டான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தங்கை அவசர அவசரமாகப் பூனைக்குட்டியின் கைகளில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஒரு சாம்பிள் டப்பாவைக் காலி பண்ணிவிட்டு அதில் பழைய களிம்பை வழித்துக்கொண்டிருக்கலாம். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. எனக்கு ஏழு வருஷமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

விமானம் மேலே ஏறியதும் பையனுக்குக் காது அடைத்துவிட்டது போலிருக்கிறது, அழுத அழுகையில் மூச்சே நின்றுவிடும் போல ஆயிற்று. முன் சீட்டு ஆள் மூன்று தடவை திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார். நாலாவது தடவை நான் விடவில்லை. "என்ன சார், நீங்க மட்டும் பொறக்கும்போதே மீசையோட பொறந்தீங்களா?" என்றேன். அதற்கப்புறம் இறங்கும்வரை மனுஷன் திரும்பவே இல்லை.

பையன் பால் குடித்து ஒருவழியாகத் தூங்கினான். அப்போதுதான் பூனைக்குட்டியைப் பார்த்தோம். அந்தக் குளிர்காற்றில் கை காய்ந்துபோய், முழங்கை மடிப்பைப் பிராண்டிப் பிராண்டி ரத்தக்கோடு போட்டிருந்தது.

"அம்மா, என் களிம்பு குடும்மா."

தங்கை என்னைப் பார்த்தாள். "புதுசு மட்டும்தான்க்கா இருக்கு. இவளுக்கு இதைப் போட்டுப் பாக்கலையே."

"அதே எண்ணெய், அதே மெழுகு. வாசனைதானே கூட இருக்கு? போடுடி, குழந்தை துடிக்குது" என்று நான்தான் சொன்னேன்.

ஒரு சாம்பிளைத் திறந்து இரண்டு கைக்கும் பூசினாள். குட்டி கையை மோந்து பார்த்து, "ஐ, சோப்புக் கடை வாசனை!" என்று சிரித்தது. கால்மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம், "எரியுதும்மா" என்றது. இறங்குவதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்துவிட்டது. நல்லவேளை, முகத்தில் பூசவில்லை.

இறங்கியதும் கழிவறைக்கு ஓடி, குழாயடியில் கையைப் பிடித்துக் கழுவினோம், ஈரத்துணி சுற்றினோம். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, தடிப்பு போகவில்லை, அரிப்புதான் கூடியது. அங்கிருந்த கடையில் தலைவலி மாத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை. மேடத்தைப் பார்க்க ஒரு மணி நேரம்தான் இருந்தது.

தங்கை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "அக்கா, திரும்பிப் போயிடலாமா?" என்றாள்.

அவள் கேட்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. நான்தான், "பைத்தியமா உனக்கு? உரலுக்குள்ள தலையைக் குடுத்துட்டு உலக்கைக்குப் பயந்தா ஆகுமா? ரெண்டு நாள்ல ஆறிடும்டி" என்று அதட்டினேன். விமானத்தில் குளிரும் என்று எடுத்து வந்த முழுக்கை ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்ததும் நான்தான். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். அந்தத் தடிப்பின் மேல் கம்பளி ஸ்வெட்டரை மாட்டி, பொத்தானைக் கழுத்துவரை போட்டேன்.

தங்கை மண்டிபோட்டு உட்கார்ந்து குழந்தையின் மோவாயைப் பிடித்தாள். "கண்ணு, அந்த ஆன்ட்டி முன்னாடி கையைச் சொறியக் கூடாது. சொறிஞ்சா அம்மா மறுபடியும் கடை வேலைக்குப் போயிடணும். ராத்திரிதான் வருவேன்."

"சரிம்மா" என்றது குட்டி.

மேடத்தின் அறை குளுகுளுவென்று இருந்தது. நல்ல பெண்மணிதான், நானும் ஏதோ சிடுமூஞ்சியை எதிர்பார்த்துத்தான் போனேன். குழந்தைகளுக்கு பிஸ்கட் வரவழைத்தார். ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார், புறங்கையில் தேய்த்தார், வெளிச்சத்தில் பார்த்தார். என்ன எண்ணெய், எவ்வளவு நாள் தாங்கும், மாதம் எத்தனை டப்பா முடியும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தங்கை திக்காமல் பதில் சொன்னாள். எழுந்து வந்து பூனைக்குட்டியின் கன்னத்தைத் தடவி, "பட்டு மாதிரி இருக்கே!" என்றார். கன்னம் பழைய களிம்பில் வளர்ந்த கன்னம்.

"இதே கிரீம்தான் பாப்பாவுக்கும் போடறீங்களா?"

தங்கை மேஜைமேல் திறந்திருந்த டப்பாவை மூடினாள். பிறகு, "ஆமாங்க. இன்னிக்குக் காலையிலகூட இதான் போட்டேன்" என்றாள்.

நான் பையனின் தலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தேன். பூனைக்குட்டி நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பிஸ்கட்டை எடுக்கவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, அதற்கு மணி பார்க்கக்கூடத் தெரியாது.

"என்ன ஒரு அமைதியான குழந்தை! என் பேரனை இங்க உக்கார வச்சா மேஜையையே புரட்டிடுவான்" என்று சிரித்த மேடம், தங்கையின் கையைக் குலுக்கினார். எல்லாக் கிளைகளுக்கும் எடுத்துக்கொள்கிறார்களாம். மணம் மட்டும் இப்படியே இருக்கட்டுமாம், மாற்ற வேண்டாமாம்.

வெளியே வந்ததும் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மாடியின் கழிவறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஸ்வெட்டரைக் கழற்றினோம். உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை. கம்பளி உரசி உரசி, தடிப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நீர் கோத்திருந்தது. பாவி, பாவி என்று என் வாய் தன்னால் சொல்லிக்கொண்டது. மேடத்தின் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. கதவும் திறந்துதான் இருந்தது. திரும்பிப் போய் இந்தக் கையைக் காட்டியிருக்கலாம். நான் தங்கையைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் அசையவில்லை.

பூனைக்குட்டி அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. "அம்மா, நான் சொறியவே இல்ல, பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு."

"நீ கடை வேலைக்குப் போக மாட்டியே?"

"மாட்டேன்டா."

"அப்ப இப்ப சொறிஞ்சுக்கலாமா?"

பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை சொறியாதே, சொறியாதே என்று சொன்ன வாய் அது. "சொறிஞ்சுக்கோ" என்றாள் என் தங்கை. சொல்லிவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் உள்ளே வந்துவிடாதபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.