தூரத்தில் ஒரு பெண் குரல்

பாம்புக்காது என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது மேற்பார்வை அக்காதான். கம்பெனிகள் தங்கள் கூட்டங்களைப் பதிவு செய்து அனுப்பும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்வது அவள் பிழைப்பு. எட்டு வருஷமாக அவள் அடித்த பக்கத்தில் யாரும் குறை சொன்னதில்லை. வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான் சனி பிடித்தது.

வீட்டில் கதவு உள்ள அறை ஒன்றே ஒன்று. குளியலறையைச் சேர்த்தால் இரண்டு. நல்ல அறையைக் கணவர் பிடித்துக்கொண்டார். டைல்ஸ் கம்பெனியில் லாரி அனுப்பும் பிரிவு அவருக்கு. “எனக்கு மீட்டிங்மா, பேசற வேலை. நீ சும்மா கேக்கறதுதானே?” என்றார். அவளுக்குக் கிடைத்தது சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் ஒரு முக்காலி. ஃப்ரிட்ஜ் கால் மணிக்கு ஒருதரம் குளிர்ஜுரம் வந்தது மாதிரி உதறும். போதாததற்கு வாசல் மணி. தண்ணீர் கேன், பார்சல், ஸ்க்ரூடிரைவர் கடன் கேட்கும் பக்கத்து வீடு. யார் அடித்தாலும் ஓடுவது அவள்தான்.

காதில் விழாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று அடிக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு வரை மன்னிப்பு உண்டு. அவளுக்கு ஆறு, ஏழு என்று போய்க்கொண்டிருந்தது. அக்கா போனில் குரலைத் தாழ்த்தினாள். “ஏண்டி, இந்த மாசமும் இப்படின்னா பேரை எடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல.”

கணவரிடம் போய் நின்றாள்.

“மதியம் மட்டும் அந்த ரூமைக் குடுங்களேன்.”

“மதியந்தான்மா முக்கியமான மீட்டிங்.”

“அப்ப காலைல?”

“காலைலயும்தான்.”

மறுநாள் புதுக் கம்பெனி ஒன்றின் பதிவு வந்தது. யார் எதைச் சொன்னார்கள் என்று அங்கே ஒரு பெரிய சண்டையாம். அதனால் இருமல், தும்மல் உட்பட கேட்டதெல்லாம் எழுத்தில் வேண்டுமாம். பெயர் கூடாது, குரலுக்கு எண் மட்டும். இரண்டாவது நிமிஷம் குரல் 4, “வணக்கம் மேடம்” என்றது. அவள் கை அப்படியே நின்றது. பன்னிரண்டு வருஷமாகத் தலையணைக்குப் பக்கத்தில் கேட்கிற குரல்!

உடனே அக்காவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “வேற ஆள் இல்லடி. கேட்டதை அடி, கேக்காததை அடிக்காதே. அவ்வளவுதான்.”

பிழையே இருக்கக் கூடாது என்று லேப்டாப்போடு குளியலறைக்குள் புகுந்து, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, தாழ்ப்பாள் போட்டாள். அரை மணி கழித்துக் கணவர் கதவைத் தட்டினார். “இன்னும் எவ்வளவு நேரம்மா?”

“மீட்டிங்!” என்றாள்.

ஐம்பத்திரண்டு நிமிஷப் பதிவு. அதில் குரல் 4 பேசியது “ஆமா மேடம்” மூன்று தடவை, “லாரி கிளம்பிடுச்சு மேடம்” ஒரு தடவை. மிச்ச நேரமெல்லாம் வேறு சத்தம். (குரல் 4: பிஸ்கட் கவர் பிரிக்கிறது.) (குரல் 4: மெல்லுகிறது.) (குரல் 4: ஆழ்ந்த மூச்சு, ஒன்பது நிமிஷம். குறட்டையாக இருக்கலாம்.) இதற்குத்தான் கதவு வைத்த அறையா! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் வாளி ஆடியது.

இருபதாவது நிமிஷம் மணி அடித்தது. ஓடுகிற காலடி. (தூரத்தில் பெண் குரல்: இதோ வரேன்!) அது அவளேதான். அப்படி ஐந்து தடவை. கடைசியில் அதே குரல் கதவுக்கு வெளியே வந்து, “ஏங்க, பத்து நிமிஷம் ரூமை விடுங்களேன், எனக்கு ஒண்ணுமே கேக்கல” என்று கெஞ்சியது. குரல் 1, “யாரு அது?” என்றது.

குரல் 4: “ஒண்ணுமில்ல மேடம். வீட்ல சும்மா இருக்காங்க, பொழுது போகல.”

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அதையும் எழுத்து எழுத்தாக அடித்தாள். பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாள், ஒரு ‘தெளிவில்லை’கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே சிரிப்பலை. அவள் அடித்த பக்கங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்த பதினோரு பேருக்கும் போயிருந்தன. மேனேஜரம்மா குரல் கணீரென்று வந்தது. “குறட்டையை விடுங்க. அன்னிக்கு ஓடியாடி வேலை பாத்தது அந்தப் பொம்பளக் குரல் ஒண்ணுதான்!”

கதவு திறந்தது. கணவர் முகம் சுண்டிப்போய், தாளோடு நின்றார். “இதை எவ அடிச்சான்னு தெரியலம்மா. மானத்தை வாங்கிட்டா.”

“சும்மா இருக்கறவதான்,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் உதறியது. தாளில் தான் சொன்ன வரியை இன்னொரு தடவை படித்தார். “தப்பும்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது” என்றவர், லேப்டாப்பை எடுத்து வந்து முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் வாஷிங் மெஷினில் இடித்தது.

அடுத்த வாரம் அதே கம்பெனிப் பதிவு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். பதினாலாவது நிமிஷம் வாசல் மணி. குரல் 4, “ஒரு நிமிஷம் மேடம்” என்றது. முக்காலி விழுகிற சத்தம். திடுதிடுவென்று செருப்புக் கால்.

(தூரத்தில் ஆண் குரல்: இதோ வரேன்!)

முதல் தடவையே தெளிவாகத்தான் கேட்டது. இருந்தாலும் பின்னால் ஓட்டி, நாலு தடவை கேட்டாள்.