பிரேசர் மலைப் பெரட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், இங்கிலீஷ் படித்து ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருக்கிறவன், இதையெல்லாம் நம்பினால் படித்ததற்கு என்ன அர்த்தம்? இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. காதால் கேட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். சிரிப்பதானால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அம்மா, தங்கை செல்லம்மா, நான் மூவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா முனியன் பிரேசர் மலையில் ரோடு வேலை செய்தார், சம்பளம் வாங்கினால் இறங்கி வருவார். ஒரு அடைமழையில் மலை சரிந்து ரோட்டில் ஒரு துண்டு அப்படியே பள்ளத்தில் போய்விட்டது, அப்பாவும் அதோடு போய்விட்டார் என்று சேதி வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அம்மா ஒரே பிடியாக நின்றாள். "உடம்பக் காட்டுங்க, தாலிய எடுக்கறேன்." பூவும் குங்குமமுமாகத்தான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய் வந்தாள். ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது.

இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. செல்லம்மாவுக்குச் செந்தூலிலிருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்:

"சம்பந்தியம்மா பூவும் பொட்டுமா நிக்கிறாங்க, வீட்டுக்காரரக் காணோம். இருக்காரா, இல்லையா? ஒண்ணு சொல்லிட்டா நாள் குறிச்சிரலாம்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சரி, நான் போய் ஒரு முடிவு தெரிந்துகொண்டு வருகிறேன் என்று லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்பாவோடு ஒரே கப்பலில் வந்து, ரோடு ஆட்களை வேலை வாங்கும் சின்னையா கங்காணி அந்த மலையில்தான் இருந்தார். அவர் வாயால் 'செத்துட்டான்' என்று ஒரு வார்த்தை வாங்கி வந்தால் அம்மா கேட்பாள் என்று நினைத்தேன்.

கோலகுபு வரை ரயில், அதற்கு மேல் சாமான் ஏற்றும் லோரி. ஊரா அது? கல் பங்களாக்கள், புகைபோக்கிகள், ரோஜாச் செடிகள், எல்லாம் இருந்தன, மனுஷச் சத்தம்தான் இல்லை. துரைமார்கள் யாரும் வந்திருக்கவில்லை. சன்னல்களில் திரை இழுத்து மூடியிருந்தது. பட்டப்பகலில் மூடுபனி வந்து ஒரு பங்களாவை விழுங்கும், கொஞ்ச நேரம் கழித்து அதைக் காட்டிவிட்டு அடுத்ததை விழுங்கும். எனக்கு ஏனோ திரும்பிவிடலாம் போல இருந்தது.

கங்காணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நான் எப்படி தம்பி சொல்றது? காலையில பெரட்டுக்கு வா, அப்புறம் நீயே சொல்லு" என்றார். பெரட்டு என்றால் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கங்காணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாப் பெயரும் அவருக்கு மனப்பாடம்.

காலையில் பனி எப்படி இருந்தது என்றால், பக்கத்தில் நிற்கிறவன் இருமினால்தான் ஆள் இருப்பது தெரியும். மலைப் பக்கச் சுவரோரமாக ஆட்கள் நின்றார்கள். எதிர்ப்பக்கம் மூங்கில் தடுப்பு, அதற்கு அப்பால் ரோடு கிடையாது, பள்ளம்தான். அப்பா போன இடம்.

"காத்தான்!"

"இருக்கேன்."

"ராமசாமி!"

"இருக்கேன் கங்காணி."

இப்படியே போய், "முனியன்!" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, இதென்ன விளையாட்டு என்று. வாயைத் திறக்குமுன் பதில் வந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்."

நம்பினால் நம்புங்கள், அது அப்பா குரல். செங்குத்தாக ஏறி வந்தவனுக்கு மூச்சு இரைக்குமே, அப்படி இரைத்துக்கொண்டு வந்தது. வரிசையிலிருந்து வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

ஓடிப்போய் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வெறும் வெள்ளை. காத்தான் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"கிராணி ஐயா, நீங்களும் உள்ளார போயிராதீங்க. அப்புறம் ஒங்க பேரையும் சேத்துக் கூப்பிடணும்."

"யாருடா அது, யார் குரல் மாத்திப் பேசினது?"

"எங்களுக்கு வேற வேலையில்ல பாருங்க. இந்தக் குளிர்ல சொந்தக் குரலே வரமாட்டேங்குது."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன காத்தானும் சிரிக்கவில்லை.

கங்காணி என்னைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார். மலை சரிந்த மறுநாள் பழக்கதோஷத்தில் அப்பா பெயரைக் கூப்பிட்டுவிட்டாராம். பதில் வந்துவிட்டதாம். அன்றிலிருந்து விடவும் முடியவில்லை, ஒருநாள் தவறாமல் கூப்பிடுகிறார்.

"பதில் சொல்றவனச் செத்துட்டான்னு எந்த வாயால சொல்வேன்? நீ புள்ள. கூப்பிடவா, வேணாமா? நீ சொல்லு, நான் கேக்கறேன்."

அன்று முழுக்க ஆட்கள் தங்கும் லயத்தில் கம்பளிக்குள் கிடந்தேன். தங்கை கல்யாணத்தை நினைத்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட அந்த இரைப்புதான் காதிலேயே நின்றது. தினமும் அந்தப் பள்ளத்திலிருந்து அப்பா ஏறி வருகிறாரே, யாருக்காக? பெயரைக் கூப்பிடுவதால்தானே? விட்டுவிட்டால் அந்த மனுஷனுக்கு ஓய்வாவது கிடைக்காதா?

மறுநாள் பெரட்டுக்கு முன்னால், "வேணாம் மாமா" என்றேன். கங்காணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், எந்தச் சத்தமும் இல்லை. அதே லோரியில் இறங்கிவிட்டேன்.

அம்மாவிடம், "கங்காணி சொல்லிட்டாரும்மா, அப்பா இல்ல" என்றேன். அம்மா அழவில்லை. "நீயும் விசாரிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன். கிள்ளான் ஆற்றங்கரையில் கருமாதி செய்தோம். அம்மா தாலியைத் தானே கழற்றி என் கையில் கொடுத்தாள்.

செல்லம்மா கல்யாணத்துக்குக் கங்காணி ஒரு கூடை நிறைய மலைக் காய்கறியோடு வந்திருந்தார். சாப்பிட உட்காரவில்லை. என்னைப் பந்தலுக்கு வெளியே கூட்டிப்போனார்.

"என்ன மாமா?"

"அவன் பேர விட்டுட்டேன் தம்பி. நீ சொன்னாப்ல அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல."

"சரி."

"நீ எறங்கின மறுநாளு எல்லாப் பேரும் முடிஞ்சுது. ஆளுங்க மம்பட்டியத் தூக்கிட்டு நகர்றாங்க. அப்ப தடுப்புக்கு அந்தாண்ட இருந்து, 'கங்காணி, எம் பேரு?'ன்னு கேட்டான். தெனமும் கேக்கறான் தம்பி. நான் என்ன செய்யட்டும்?"

உள்ளே கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். எல்லோரும் அட்சதை போட முன்னால் நெருக்கினார்கள். அம்மா மட்டும் வெள்ளைச் சேலையில், மகள் கண்ணில் படாமல், பந்தலின் கடைசிக் காலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

கங்காணி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அம்மாவைப் பார்த்தேன், சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.