பயில்வான் தெருவில் அடிக்காத மேளம்

விளம்பர வண்டியில் நின்று கத்துகிறவனுக்குத் தன் தொண்டை தனக்குச் சொந்தமில்லை. கூலி கொடுக்கிறவன் எதைச் சொல்லச் சொல்கிறானோ அதைத்தான் அது கத்தும். நீங்களும் என்னைப் போலத் தொண்டையை விற்றுப் பிழைக்கிறவராக இருந்தால், வாத்தியாரோ, கறிகாய் விற்கிறவரோ, கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலியோ, யாராயிருந்தாலும் சரி, ஒரு துண்டு பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

யுத்த காலம் அது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்து நோட்டீஸ் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப் போனதால் எங்களுக்கு நல்ல கிராக்கி. காதர் பாயின் ஜட்கா, அதன் ரெண்டு பக்கமும் படம் ஒட்டின விளம்பரத் தட்டி, பின்னால் உட்கார்ந்து மேளம் அடிக்கக் கோவிந்தன், முன்னால் வாயில் வைத்துக் கத்துகிற தகரக் குழாயோடு நான். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு, ராயப்பேட்டை என்று ஒரு தெரு பாக்கி வைக்க மாட்டோம். நாடகம், சினிமா எதுவானாலும் கத்துவேன். ஆனால் குஸ்தி என்றால்தான் என் குரல் எடுக்கும்.

மாட வீதி மாமி

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு நாள் முனுசாமி பயில்வான் குஸ்திக்குக் கத்திக்கொண்டு போனேன். ஒரு மாமி வாசலுக்கு ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். "ஏண்டாப்பா, இப்பத்தான் குழந்தை கண்ணசந்தது, உனக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்று ஒரு மூச்சுத் திட்டினாள். இந்தத் தொழிலில் திட்டு வாங்குவதும் கூலியில் சேர்த்தி.

திட்டி முடித்துத் தட்டியைப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "இது யாரு, நம்மாத்துக்கு விறகு பொளந்து போடற முனுசாமியா? இவ்வளவு பெரிய பயில்வானா அவன்?" என்றாள். ஆமாம் என்றேன். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அத்தனை பெருமை. கிளம்பும்போது சொன்னாள்: "அவன் ஜெயிச்சான்னா வந்து சொல்லிட்டுப் போடாப்பா. ஆனா வாசல்ல நின்னுண்டு கத்தாதே, கிட்ட வந்து காதோட சொல்லு."

சொந்தத் தெரு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மற்ற தெருக்களில் ஓடுகிற வண்டியிலேயே மேளம் அடிப்போம். பயில்வானின் சொந்தத் தெருவில் மட்டும் அவன் வீட்டு வாசலில் நிறுத்தி, ஜனம் கூடுகிற வரைக்கும் அடித்து, அவன் பட்டத்தையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். முனுசாமியின் வீடு ராயப்பேட்டையில் ஒரு சந்தில். நாங்கள் போய் நின்றால் அவன் அம்மா குதிரைக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பாள்.

அவன் தம்பி ஏழுமலை. அண்ணனுக்கு மேளம் வருகிறது என்றால் வண்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டு ஓடுகிற பையன். வெள்ளையனே வெளியேறு என்று நாடு முழுக்க அமளிப்பட்ட வருஷம் கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் போனான். போலீஸ் தடி இடுப்பில் விழுந்தது. அதிலிருந்து கயிற்றுக் கட்டில்தான். மேளச் சத்தம் கேட்டதும் முனுசாமி கட்டிலோடு அவனைத் தூக்கி வந்து வாசலில் வைப்பான், சாதத் தட்டைத் தூக்குகிற மாதிரி. ஏழுமலை படுத்தபடியே என்னைக் கிண்டல் பண்ணுவான்: "தாசண்ணே, எங்கண்ணன் பேர சொல்லசொல்ல மட்டும் உனுக்கு இன்னாவோ தொண்ட பெருசாப் பூடுது!"

கான்ட்ராக்டர் வீட்டு வாசல்

குஸ்தி நடத்துகிற கான்ட்ராக்டர் மாம்பலத்தில் பங்களா கட்டியிருந்தார். ஒரு நாள் முனுசாமியையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். சர்க்காரின் யுத்த நிதிக்காக ஒரு பெரிய குஸ்தி. வெள்ளைக்கார துரைமார்கள் வந்து உட்காருவார்கள். ஜெயித்தவனுக்குத் துரை கையால் பணமுடிப்பு. வாங்கிக்கொண்டு ஒரு சலாம் போட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

முனுசாமி கைகட்டிக்கொண்டு நின்றபடியே சொன்னான்: "என் தம்பி இட்ப்ப ஒட்ச்ச சர்க்காரு சார் அது. அவங்க துட்டுல பாலும் பாதாமும் துன்னு நான் தொடை தட்டணுமா? நம்மால ஆவாது." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். கான்ட்ராக்டருக்குக் கோபமே வரவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "போகட்டும்ப்பா. பசி வந்தா அவனே வருவான்."

டீக்கடையில்

வந்தான். எப்படி வராமல் இருப்பான்? அதன் பிறகு எந்தக் குஸ்தியானாலும் யுத்த நிதி என்று பேர் வைத்தால்தான் மைதானம் கிடைக்கும் என்று ஆகிவிட்டது. மற்ற பயில்வான்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். முனுசாமி விறகு பிளந்தான். அரிசி விற்ற விலையில் விறகு பிளந்து மூன்று வயிற்றை நிரப்ப முடியுமா? அதற்குள் மயிலாப்பூரில் ஒரு டாக்டர் ஏழுமலையைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் கோல் ஊன்றியாவது நிற்க வைக்கலாம், தள்ளிப்போட்டால் அதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மார்க்கெட் டீக்கடையில் முனுசாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கையெழுத்துப் போட்டுட்டேன் தாசு" என்றான். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. "ஊரு பூரா கத்திக்கோ. எங்க தெருவுக்குள்ள மட்டும் வராத நைனா. துட்ட டாக்டராண்ட கட்டி, அவன் எழுந்து நின்னப்பறம் நானே சொல்லிக்கிறேன்." எனக்குச் சுர்ரென்று வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முனுசாமி எழுந்து போனதும், எதிர் பெஞ்சில் இருந்த காதர் பாய் என்னைப் பிடித்து உலுக்கினார்: "என் குதிரைக்குக் கொள்ளும் அந்தத் துட்டுலதான் தாசு. நீ கத்தப்போறதும் அதே யுத்த நிதிதான். அவன மட்டும் எதுக்குடா மொறைக்கிறே?"

குதிரைக்குத் தெரியுமா?

தட்டியில் முனுசாமி படம், மேலே யுத்த நிதி என்று கொட்டை எழுத்து. காலையிலிருந்து கத்தினேன். ராயப்பேட்டை பெரிய தெருவில் வந்துகொண்டிருந்தோம். அந்தச் சந்தைத் தாண்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குதிரை சடக்கென்று சந்துக்குள் திரும்பிவிட்டது! அதற்கு என்ன தெரியும், அங்கே வெல்லம் கிடைக்கும் என்று மட்டும்தான் தெரியும். காதர் பாய் கடிவாளத்தை இழுத்தார், திட்டினார். சந்து குறுகல், வண்டியைத் திருப்ப இடமில்லை. நான் குழாயைக் கீழே இறக்கினேன். கோவிந்தன் மேளத்தைக் கையால் அமுக்கிக்கொண்டான்.

சாவு வீட்டைத் தாண்டுகிற மாதிரி போனோம். ஜனங்கள் தட்டியைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். குதிரை வழக்கப்படி முனுசாமி வீட்டு வாசலில் போய் நின்றது. அவன் வீட்டில் இல்லை. அம்மா வெல்லத்தோடு வெளியே வந்தவள் எங்கள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து ஏழுமலை குரல் கொடுத்தான்: "தாசண்ணே, வண்டிச் சத்தம் கேக்குது, மோளத்தக் காணோமே?" எனக்கு வாயில் வந்தது ஒரு பொய். மேளம் கிழிந்துவிட்டது என்றேன். ஏழுமலை உள்ளேயிருந்தே கேட்டான்: "மோளம் கிழிஞ்சா, உன் தொண்டையுமா கிழிஞ்சுபோச்சு?"

கோதாவில்

குஸ்தி அன்றைக்கு முனுசாமி ஜெயித்தான். ஜெயித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அவன் மனசே இல்லை; எதிராளியைச் சீக்கிரம் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்பது போலத் தள்ளினான். துரை பணமுடிப்பை நீட்டினார். முனுசாமி வாங்கிக்கொண்டான். கான்ட்ராக்டர் பின்னாலிருந்து முதுகில் தட்டினார். முனுசாமியின் கை சலாம் போட நெற்றிக்குப் போனது.

வழக்கமாக ஜெயித்தால் கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி விசில் பறக்கும். அன்றைக்கு முன்வரிசையில் மட்டும் கைதட்டல். தரை டிக்கெட்டிலிருந்து யாரோ ஒருவன், கத்தக்கூட இல்லை, நலம் விசாரிக்கிற குரலில் கேட்டான்: "தம்பி நல்லாக் கீறானா பயில்வான்?"

கட்டில்

மறுநாள் காலை ஏழுமலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்கள் ஜட்காவைத்தான் கூப்பிட்டான் முனுசாமி. தட்டியெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போனோம். வண்டியில் வைக்கோல் பரப்பி அதன் மேல் ஜமக்காளம் போட்டிருந்தோம். அதற்குள் சந்து பூரா விஷயம் பரவியிருந்தது; ஏழுமலை வர மாட்டேன் என்றான். அம்மா அழுதாள். நான் சொல்லிப் பார்த்தேன், காதர் பாய் சொல்லிப் பார்த்தார். கடைசியில் முனுசாமி தூக்கப் போனான். ஏழுமலை ரெண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

பனைமரம் போல நிற்கிற ஆட்களைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்த கை முனுசாமியுடையது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கையால் தம்பியின் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஒரு விரலை எடுத்தால் இன்னொன்று இறுகியது. பலமாக இழுத்தால் வந்திருக்கும். அவனுக்கு இழுக்க மனசு வரவில்லை. கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். அந்த ஆள் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஏழுமலை அவன் தலையில் கையை வைத்துச் சொன்னான்: "உன்ன நான் ஒண்ணும் தப்பா சொல்லல அண்ணே, உனுக்கு வேற வழி தெரியல. ஆனா என் கால அந்தத் துட்டு மேல நிக்க வெக்காத."

தியாகிக்கு மாலை

ஆபரேஷன் நடக்கவில்லை. அந்தப் பணம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. முனுசாமி அதற்கப்புறம் கோதாவில் இறங்கவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். ஏழுமலை கட்டிலிலேயே கிடந்தான். அப்புறம் சுதந்திரம் வந்தது. கான்ட்ராக்டர் கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு சுதந்திர விழாக் குஸ்தி நடத்தப் போவதாகச் சொன்னார். எங்கள் வண்டியிலேயே ஏறி அந்தச் சந்துக்கு வந்து, ஏழுமலையைத் தியாகி என்று மேடையில் உட்காரவைத்து மாலை போடப் போகிறேன் என்றார்.

ஏழுமலை ஒரே ஒரு கேள்வி கேட்டான்: தன் அண்ணனுக்கும் அன்றைக்குக் குஸ்தி போட ஜோடி வைத்திருக்கிறதா? கான்ட்ராக்டர் குரலைத் தணித்துக்கொண்டு, "வெள்ளைக்காரன் காசு வாங்கின ஆளாச்சேப்பா. ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார். எனக்கு அவரை வண்டியிலிருந்து இறக்கி நடக்கவிட வேண்டும் போல இருந்தது. ஏழுமலை கோபப்படவில்லை. முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான்: "வாங்கினது அவரு. கூட்டினு போயி வாங்க வெச்சது யாரு சார்? எங்கண்ணனப் பேசறதுக்கு எனுக்கு ஒர்த்தனுக்குத்தான் பாத்தியத கீது, நீ போ."

மாலை வீணாகவில்லை, மேடையில் கான்ட்ராக்டரே அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார், அவரைத் தேசபக்தர் என்று மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வரைக்கும் கத்தினவன் சாட்சாத் நான்தான், கூலியும் குறையாமல் வந்து சேர்ந்தது.