எல்லோரும் அப்பாவைப் பார்த்த நாள்

1999-ஆம் வருடம். நியூ ஜெர்சியில் எடிசனில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒரு கன்சல்டிங் கம்பெனியில் வேலை. எனக்கோ வேலை பார்க்க அனுமதியில்லாத டிபென்டென்ட் விசா. கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. காய்கறி வாங்க, நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போனால், தெரிந்த ஆன்ட்டிகள் முதலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன்.

அந்த மார்ச் மாதம் எங்கள் கீழ் வீட்டுக்கு ஓர் இங்கிலாந்துக்காரர் குடிவந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், எப்போதோ உடைந்து கோணலாக ஒட்டிய மூக்கு. இங்கிலாந்து என்றதும் என் கணவருக்குக் கிரிக்கெட் ஞாபகம் வந்துவிட்டது. கையோடு காபிக்குக் கூட்டி வந்துவிட்டார். வந்தவரோ கால்பந்து ஆட்டக்காரர். அதிலும் கோல் போடுகிறவர் இல்லை, பின்னால் நின்று தடுக்கிறவர். என் கணவர் விடாமல் எந்த டீம் எந்த டீம் என்று துருவ, அவர் சொன்ன ஊர்களில் ஒன்றைக்கூட நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எல்லாம் மூன்றாம் டிவிஷன், நான்காம் டிவிஷன் கிளப்புகளாம். சீசன் முடிந்ததும் மேனேஜர் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, இருக்கலாமா, கிளம்பலாமா என்று சொல்வாராம். இவருக்குப் பெரும்பாலும் கிளம்பலாம்தான். சில சமயம் சீசன் நடுவிலேயே, பக்கத்து வீட்டுக்குக் குடை கொடுப்பது போல, வேறு கிளப்புக்கு ஆளையே இரவல் கொடுத்துவிடுவார்களாம்.

"நம்ம பொழப்பாட்டவே இருக்குது கண்ணு. என்னையும் இப்படித்தான் க்ளையன்ட் க்ளையன்ட்டா அனுப்பறாங்க" என்று என் கணவர் தமிழில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர் அந்த இங்கிலாந்துக்காரர். இப்போது விவாகரத்தாகிவிட்டது. ஏழு வயதில் ஒரு மகள். பக்கத்து ஊரில் அம்மாவோடு இருந்தாள், சனி ஞாயிறுகளில் அப்பாவிடம் வருவாள். அந்தப் பகுதியிலிருந்த ஒரு சின்ன கிளப்பில் அவர் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் சனிக்கிழமைகளில் என்பதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன்.

அந்தக் கோடைக்காலம் முழுக்க எனக்கு ஒரு மகள் இருந்தாள். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். ஆட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போவதே அவள்தான். நாங்கள் எலுமிச்சை சாதமும் வறுவலும் கட்டிக்கொண்டு போய் அலுமினியப் படிகளில் உட்காருவோம். "ஒரு மணி நேரமாச்சு, ஒரு ரன்னு கூட வரலையே" என்பார் என் கணவர். எனக்கும் தலை கால் புரியாது. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்: அப்பாவைத் தேடாதீர்கள். அப்பா இருப்பதே தெரியாமல் ஆட்டம் முடிந்தால் அவர் நன்றாக ஆடினார் என்று அர்த்தம். அவர் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தால் ஏதோ தப்பாகிவிட்டது.

ஜூலையில் இடி விழுந்தது. குழந்தையின் அம்மாவுக்கு மறுமணம் ஆகியிருந்தது. புதுக் கணவருக்குக் கலிபோர்னியாவுக்கு, குபெர்டினோ பக்கம், வேலை மாறிவிட்டது. குழந்தையை அவ்வளவு தூரம் கூட்டிப்போக கோர்ட் அனுமதிக்க வேண்டும். இவர் எதிர்த்தார். இவருடைய வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: அடுத்த வருடமும் இதே ஊரில் இருப்பேன் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக மாறிய மனிதரிடம் காட்ட என்ன இருக்கும்? கிளப் இன்னொரு வருடத்துக்குக் கான்ட்ராக்ட் கொடுத்தால்தான் உண்டு. சீசன் முடிந்ததும் சொல்கிறோம் என்றார்கள் கிளப்பில்.

ஆனால் அவருடைய வலது முட்டி போய்விட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து போகும்போது மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, ஃப்ரீசரில் வைத்த பட்டாணிப் பொட்டலத்தை முட்டியில் கட்டிக்கொள்வார். ஆட்டத்துக்கு முன்னால் மாத்திரைகளை விழுங்குவார். கிளப்பில் மூச்சு விடவில்லை. அவள் ஒருநாள் என் காதருகே வந்து, மைதானத்தில் யார் கேட்டாலும் அப்பாவின் கால் பற்றி மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஆன்ட்டி என்றாள். ஏழு வயதுக் குழந்தைக்கு இந்தக் கவலை எதற்கு என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடைசி ஆட்டம் செப்டம்பரில். பாதி ஆட்டம் வரை அவர் இருப்பதே தெரியவில்லை. அவள் நிம்மதியாக வறுவல் தின்றுகொண்டிருந்தாள். பிறகு எதிர் டீமில் ஓர் இளவட்டம் பந்தோடு இவரைத் தாண்டி ஓடினான். இவர் திரும்பினார், கால் திரும்பவில்லை. அப்படியே சரிந்து விழுந்தார். கோல். எழுந்திருக்க முடியாமல் புல்லில் கிடந்தவர், முதலில் எங்கள் பக்கம் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார்.

மாற்று ஆட்களை ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் வெளியே வந்தால் டீமில் ஓர் ஆள் குறையும். வெளியே வராமல், ஒற்றைக்காலில் நொண்டியபடி கோலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் மறக்கவே முடியாது. வந்த பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளினார், நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினார். விழுவார், புல்லைப் பிடித்து எழுவார். கூட்டம் மொத்தமும் எழுந்து கை தட்டியது. கால்பந்து தெரியாத என் கணவரே விசில் அடித்தார். நானும் கை தட்டிக்கொண்டே, "பாரு கண்ணு, எல்லாரும் உங்கப்பாவைத்தான் பாக்கறாங்க!" என்று சந்தோஷத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன். அதையே இங்கிலீஷிலும் சொன்னேன்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தெரியும், எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

அதற்கு மேல் கோல் விழவில்லை. கிளப் முதலாளி கைகொடுத்து, இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை என்று புகழ்ந்தாராம். அந்த வாயாலேயே, அடுத்த வருடத்துக்கு எங்களிடம் இடமில்லை என்றும் சொல்லிவிட்டாராம்.

வேறு வேலையாவது கிடைக்குமா என்று பார்த்தோம். ரெஸ்யூமே தயாரிப்பதில் என் கணவர் கெட்டிக்காரர். ஆறு மாத வேலையை மூன்று வருட அனுபவமாக ஊதிப் பெருக்கித் தருவார், பாதி எடிசன் அவரிடம்தான் வரும். பள்ளிகளில் கோச் வேலைக்குப் போடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்காரவைத்து, என்ன ஜெயித்தீர்கள், எத்தனை கோல் போட்டீர்கள் என்று கேட்டார். என்னால் விழாமல் போன கோல்களை யாரும் எண்ணி வைக்கவில்லையே என்றார் அவர். படிப்பு? பதினாறு வயதோடு நின்றுவிட்டது. என் கணவர் எதையோ டைப் அடித்தார், அழித்தார், கடைசியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அப்புறம் நாலைந்து பள்ளிகளுக்கு அனுப்பினோம். ஒன்றும் வரவில்லை. கோர்ட் அம்மாவுக்கே அனுமதி கொடுத்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப்போனார்கள். அவள் அம்மா கெட்டவர் இல்லை. என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். யார் மேலாவது கோபப்பட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் ஒருவர்கூட அகப்படவில்லை. குனிந்து முத்தமிட முட்டி மடங்காததால், இவர் அவளைத் தூக்கிக்கொண்டார். அவள் அழவில்லை. கார் கதவைச் சாத்துவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, அப்பா ஐஸ் வைக்க மறந்துவிடுவார், நீங்கள் தினமும் ஞாபகப்படுத்துங்கள் என்றாள். பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். கார் திரும்பி மறைந்த பிறகும் அவர் நகரவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குளிர்கிறது, உள்ளே போங்கள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

சில நாளில் டெக்சாஸிலிருந்து ஒரு சின்ன கிளப் கூப்பிட்டது. அரை சீசனுக்கு ஆள் வேண்டுமாம், காலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லையாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தை இருக்கும் ஊருக்குப் போய் மூட்டை தூக்கியாவது பிழைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். கலிபோர்னியாவில் தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கூப்பிடவில்லை என்றார். கூப்பிட்ட இடத்துக்குப் போவதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்றார். வீட்டுச் சாமான் மொத்தமும் ஒரே காரில் அடங்கிவிட்டது. என் கணவர் தூக்கிக் கொடுத்தார். நான் ஜன்னலிலேயே நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ ஒரு தகவலும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். இப்போது பரீட்சைக்கு விடிய விடியப் படிக்கிறான். பக்கத்தில் போய், ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வது போல, உயிரைக் கொடுத்து உழைத்தால் நினைத்தது கிடைக்கும்டா என்று சொல்லத்தான் நினைப்பேன். அந்த மனிதர் புல்லைப் பிடித்து எழுந்தது கண்ணில் வந்துவிடும், "சாப்பிட வா சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.