பழைய காரும் புதிய காரும் உளுந்துச் செடியும்

என் வீட்டுக்காரருக்குக் கார் என்றால் இரண்டு கதவுதான். நாலு கதவு இருந்தால் அது அவர் கணக்கில் வேன். அருப்புக்கோட்டையில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவருக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று கேட்டவர்களில் நான்தான் முதல் ஆள். பல வருஷங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிப் பழகிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார வேண்டும், பின்னால் ஒரு அரிசி மூட்டை வைக்க இடம் கிடையாது. தெருவில் தறி நெய்கிற வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, டீச்சர், நீங்கள் இதில் எப்படி ஏறி இறங்குவீர்கள் என்று என்னைத்தான் கேட்டார்கள். கல்யாணமான புதிதில் கடை ஜீப்பில் அவரே எனக்கு ஓட்டப் பழக்கி லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தார்; ஆனாலும் பாலவனத்தம் பள்ளிக்கூடத்துக்கு நான் எப்போதும் போல பஸ்ஸிலேயே போய் வந்தேன்.

வருஷத்தில் ஒன்றிரண்டு முறை கோயம்புத்தூர்ப் பக்கத்து ரேஸ் ட்ராக்கில் ‘ட்ராக் டே’ வைப்பார்கள். அது பந்தயம் இல்லை. யாருக்கும் பரிசு இல்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, போலீஸும் ஆடுமாடும் குறுக்கே வராத பாதையில் வேண்டிய வேகத்தில் சுற்றிவிட்டு வரலாம். அங்கே போய் வந்தால் ஒரு மாதம் அவர் முகம் தெளிவாக இருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம்கூடக் கோபப்பட மாட்டார். அதனால் நானும் திட்டிக்கொண்டேதான் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பேன்.

போன வருஷம் அவருடைய இடது கை நடுங்க ஆரம்பித்தது. பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், மடியில் கிடக்கிற கையில் கட்டைவிரல் மட்டும் வேப்பங்கொட்டையை உருட்டுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். மதுரையில் நரம்பு டாக்டரிடம் போனோம். இது போகாது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாத்திரையைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ என் ஆள் ஒன்றும் கேட்கவில்லை. கார் ஓட்டலாமா என்று மட்டும் கேட்டார்.

“இப்போதைக்கு ஓட்டுங்க. நீங்க சொன்ன பேச்சைக் கை கேக்காத நாள் ஒண்ணு வரும். அன்னைக்கு நிப்பாட்டிரணும். அது எந்த நாளுன்னு நான் சொல்ல முடியாது, நீங்கதான் சொல்லணும்” என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத பேச்சு அது ஒன்றுதான். அந்த நாள் எது? சாப்பிடும்போது நான் அவர் கையைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவர் பார்ப்பார். கார் ஓட்டாத அந்த மனிதரோடு நான் எப்படி இருக்கப் போகிறேன் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர் நண்பர் ஒரு யோசனை சொன்னார். ட்ராக்கில் பழக்கமானவர். அதே கம்பெனியில் அதே பெயரில் பின்னால் வந்த புதிய தலைமுறைக் கார் அவரிடம் இருந்தது. இந்த மாதிரி வண்டி இப்போதெல்லாம் செய்வதில்லை என்பதால் அவருக்கு எங்கள் பழைய காரின் மேல் ஒரு கண். மாற்றிக்கொள்ளலாம், கொஞ்ச நாள் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று புதியதைக் கொண்டுவந்து எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சாம்பல் நிறத் தம்பி கொஞ்சம் பருமன்.

பழையதில் கிளட்ச்சை மிதிப்பதே ஒரு தேகப்பயிற்சி. ஸ்டியரிங் கனமாக இருக்கும், ஆனால் ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்லைக்கூட உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். புதியதில் கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரல் நீளத்தில் இரண்டு தகடுகள், அதைத் தொட்டால் கியர் மாறிவிடும், தொடாவிட்டால் தானே மாற்றிக்கொள்ளும். வளைவில் தப்பாகப் போனால் கம்ப்யூட்டரே பிடித்து இழுத்து நேராக்கும். வண்டியின் அடிவயிறு முழுவதும் பிளாஸ்டிக் பலகை வைத்து மூடியிருந்தது. காற்று அதன் அடியில் வழுக்கிப் போய் வண்டியைத் தரையோடு அழுத்துமாம். இவர் குனிந்து, மண்டியிட்டு, டார்ச் அடித்து எனக்கு அதைக் காட்டினார். லைசென்ஸை இனிமேல் கம்ப்யூட்டர் பெயரில் எடுங்கள் என்று சொன்னேன். சிரித்தார்.

சிரித்தாலும் எனக்குத் தெரியும். இடது கைக்கும் இடது காலுக்கும் வேலை இல்லாத வண்டி அது. அதை எடுத்துக்கொண்டால் டாக்டர் சொன்ன நாள் இன்னும் சில வருஷம் தள்ளிப் போகும் என்று அவர் கணக்குப் போட்டார். நானும் அதே கணக்கைப் போட்டேன். இந்த மாதிரிக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத நான் புதிய காருக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்றும் உண்டு. பழைய காரில் அவர் ட்ராக்கைத் தவிர வேறெங்கும் பெல்ட் போட மாட்டார். எத்தனை சண்டை போட்டிருப்பேன். புதியது பெல்ட் போடாவிட்டால் விடாமல் மணி அடித்து உயிரை வாங்கும். வேறு வழியில்லாமல் போட்டுக்கொள்வார். இருபது வருஷமாக நான் சொல்லிக் கேட்காததை ஒரு மணிச்சத்தம் கேட்க வைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிடிக்காததும் ஒன்று இருந்தது. பழைய காரில் கியர்க்குமிழைப் பிடித்திருக்கும்போது அவர் கை நடுங்குவதில்லை. எதையாவது இறுகப் பிடிக்கிற வேலை கொடுத்தால் அந்த நடுக்கம் அடங்கிவிடும், டாக்டரும் அப்படித்தான் சொன்னார். புதியதில் அந்தக் கைக்குப் பாதி நேரம் வேலை இல்லை. தொடைமேல் சும்மா கிடந்து ஆடும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் தொடைக்கு அடியில் சொருகிக்கொள்வார். வீட்டு வாசலுக்கு வந்து வண்டியை அணைத்ததும், “நீ போ, வாரேன்” என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டு அதிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டை விட்டு வர மனசில்லையோ என்று ஜன்னல் வழியாகக் கிண்டல் செய்வேன். ஆமாம் ஆமாம் என்று உள்ளேயிருந்து தலையை ஆட்டுவார்.

அந்த மாதமே ட்ராக் டே வந்தது. நானும் போனேன். பழையதை அவர் ஓட்டிவர, புதியதை நண்பரே வந்து எடுத்துக்கொண்டு வந்தார். ட்ராக்கில் தோளுக்கு மேலே இரண்டும் இடுப்பில் இரண்டுமாகப் பெல்ட்டை இறுக்கிவிடவும், திரும்பி வந்ததும் கழற்றிவிடவும் ஆட்கள் இருப்பார்கள். முதலில் பழையதில் சுற்றினார். மூன்றாவது சுற்றில் ஒரு வளைவுக்கு முன்னால் கியர் விழாமல் இன்ஜின் ஊளையிட்டது ஷெட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. பிறகு புதியதில் போனார். ஊளை இல்லை, பிசகு இல்லை, பழையதைவிட வேகமாகச் சுற்றி முடித்தார் என்று எல்லோரும் கை கொடுத்தார்கள். கை கொடுத்தவர்களுக்கெல்லாம் சிரித்துவிட்டு என்னிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“நல்ல வண்டிதான். ஆனா நான் உள்ள இருக்கணும்னு அதுக்குக் கட்டாயமில்ல” என்றார்.

அப்படிச் சொன்னாலும் ஊருக்குத் திரும்பும்போது புதியதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று அவரே சொன்னார். தை கடைசியில் திருச்சுழியைத் தாண்டி, வீரசோழன் போகிற ரோட்டில் ஒரு ஊரில் அவருடைய பெரியப்பா மகன் வீட்டுக் காதுகுத்து. அதுவரை இருக்கட்டும் என்று நண்பர் புதியதை மறுபடி எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார். காதுகுத்து முடிந்ததும் அவருக்குப் போன் போட்டு முடிவைச் சொல்லிவிடுவதாக இருந்தது. பட்டுச்சேலையோடு புதிய காரின் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தேன். பெல்ட்டை மாட்டினார். மணி அடங்கியது.

எங்கள் பக்கத்தில் தை மாசியில் பாதி ரோடு களம்தான். அறுத்த உளுந்துச் செடியை, கம்பை, சோளத்தைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாக நிற்பார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதிக்க மிதிக்க மணி உதிரும். வெளியூர்க்காரர்கள் ஒதுங்கி ஓட்டுவார்கள். உள்ளூர்க்காரன் ஒதுங்கினால் திமிர் பிடித்தவன் என்று பேசுவார்கள். என் வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. டிராக்டர், ஜீப், கார் எது ஓட்டினாலும் கதிர்மேல் ஏற்றித்தான் போவார், ஆள் தெரிந்தவராக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நடை மிதித்துக் கொடுப்பார். பழைய சிவப்புக் காரிலும் எத்தனையோ தடவை அப்படி மிதித்திருக்கிறோம்.

அன்றைக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி உளுந்தைப் பரப்பிவிட்டு வேலிக்கருவேல நிழலில் நின்றார்கள். சொந்தக்காரர்கள் இல்லை, முகம் பார்த்த பழக்கம். இவர் வேகத்தைக் குறைத்து மேலே ஏற்றினார். கடைசி வரை போய், திருப்பிக்கொண்டு வந்து, மறுபடி திருப்பினார். அந்தப் பெண் சிரித்துக் கை ஆட்டினாள். அடியில் பரபரவென்று ஏதோ உரசிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு வாசனை வந்தது. இட்லிப் பொடிக்கு உளுந்து வறுக்கிற வாசனை. சத்தியமாக, நல்ல வாசனையாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

அடுத்த நிமிஷம் முன்கண்ணாடிக்குக் கீழேயிருந்து புகை வந்தது. அடிப்பலகையின் இடுக்கில் செடி புகுந்து சுற்றி, சூடான புகைக்குழாயில் பட்டுப் பற்றிவிட்டது. இவர் பதறவில்லை. பரப்பியிருந்த உளுந்தும் சேர்ந்து எரிந்துவிடக் கூடாது என்று வண்டியை வெறும் தாரில் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, என்னை இறங்கச் சொன்னார். இறங்கி ஓடித் திரும்பிப் பார்த்தேன். அவர் இறங்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த நேரத்திலும் காரைக் காப்பாற்ற உள்ளே எதையோ நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். வண்டி எக்கேடும் கெடட்டும், இறங்குங்கள் என்று கத்தினேன். ரோட்டில் நின்ற அந்தப் பெண்ணும், யக்கா, அண்ணன இறங்கச் சொல்லுங்க என்று அழாத குறையாகச் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“இந்தா... கழட்ட வரல” என்றார். சத்தமே இல்லை.

நான் இறங்கிய கதவு வழியாகவே உள்ளே பாய்ந்து ஊர்ந்தேன். பெல்ட்டின் சிவப்புப் பொத்தான் அவருக்கு இடது பக்கம், சீட்டுக்கும் நடுமேட்டுக்கும் இடையில் ஆழத்தில் இருந்தது. வலது கை தொப்பையைத் தாண்டி அங்கே போய்ச் சேரவில்லை. இடது கட்டைவிரல் பொத்தானின் மேல்தான் இருந்தது, ஆனால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது, அழுத்தமே இல்லை. அந்த விரலின் மேலேயே என் விரலை வைத்து அழுத்தினேன். பெல்ட் விட்டது.

அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் சட்டியால் கரிசல் மண்ணை அள்ளி அள்ளி வீசினார்கள். அந்த ஆள் செடி புரட்டுகிற கவைக்கம்பால் எரிகிற செடியை அடியிலிருந்து இழுத்துப் போட, அந்தப் பெண் குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். பலகை உருகித் தொங்கியது, மற்றபடி வண்டி தப்பியது. எங்கள் உளுந்தால்தானே இப்படி ஆச்சு என்று அவர்கள்தான் எங்களைவிட அதிகமாக வருத்தப்பட்டார்கள். நான் வேலி ஓரத்தில் உட்கார்ந்து, பட்டுச்சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பயத்தில் அழவில்லை. ‘நீ போ, வாரேன்’ என்று ஒவ்வொரு முறையும் என்னை அனுப்பிவிட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஜன்னல் வழியாகக் கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

காதுகுத்துக்குப் போகவில்லை. வண்டியை ஏற்றிப் போக ஆள் வந்ததும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். வண்டி வந்த நாளிலிருந்தே என்றார். சில நாள் சீக்கிரம் வந்துவிடும், சில நாள் நடுக்கம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

“அந்த நாளு ஸ்டேரிங்லதான் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நண்பருக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும், வண்டியைச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றார் அந்த மனிதர். பிறகு, கடைசியில் எதுதான் நல்ல வண்டி என்று கேட்டிருக்கிறார். சாதாரணமாக இந்தக் கேள்விக்கு இவர் ஒரு மணி நேரம் பதில் சொல்வார். எங்கள் வீட்டில் ஓட்டுகிற ஆளுக்குக் கியர் வண்டிதான் பழக்கம், பழையது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார். அப்படி யார் என்று நான்கூட ஒரு கணம் யோசித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீட்டுக்குச் சீர் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் போவோம் என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் பழைய காரின் உறையைக் கழற்றி மடித்து வைத்திருந்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. யாரும் சொல்லாமல் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மாட்டியதை வலது கையால் அழுத்திப் பார்த்தார், ஒரே அழுத்தில் விட்டது. மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இந்தப் பக்கம்னா நானே கழட்டிக்கிருவேன்” என்றார்.

நான் கிளட்ச்சை மிதித்தேன்.