மெயில் திறக்கவில்லை என்று சொல்லாத காலை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. யாரையும் கேட்காமல், லாகின் செய்தால் போனுக்கு ஓடிபி வரும் பாதுகாப்பை ஆபீஸ் மெயிலுக்குப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை, கம்ப்யூட்டரில் இருந்த மெயில் சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு கேட்டது. சரியாகத்தான் அடித்தேன். ஏழெட்டு முறை அடித்தும் அதே பாஸ்வேர்டு பெட்டிதான் திரும்பத் திரும்ப வந்தது.

அப்போது கட்டிங் சூப்பர்வைசர் இம்தியாஸ் பாய் போன் செய்தார். "இன்னாம்மா, பையர் ஓகே வந்துச்சா? தோல் ரெடியா இருக்குது."

ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஓகே மெயிலில்தான் வரும்; மெயிலே திறக்கவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். "வந்துடுச்சு பாய், வெட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படியும் ஓகேதான் வரும் என்று நினைத்தேன்.

பிறகுதான் உதவிப் பக்கத்தைப் படித்தேன். ஓடிபி போட்டுவிட்டால், இந்தப் பழைய சாஃப்ட்வேருக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு உருவாக்க வேண்டுமாம். உருவாக்கிப் போட்டதும் மெயில்கள் கொட்டின. முதல் மெயிலே பையருடையது: கலர் மாறுகிறது, தோலை வெட்ட வேண்டாம்.

கட்டிங் பிரிவுக்குப் படிகளில் விழுந்தடித்து ஓடினேன். வெட்டிய தோலை யாரால் ஒட்ட முடியும்?

மேஜையில் தோல் முழுசாக விரிந்து கிடந்தது.

"பேஜாராவாதம்மா. மெயில் பிரிண்ட்ட டேபிள்ல ஒட்டாம நாங்க கத்தி வைக்க மாட்டோம்" என்றார் பாய். என் முகத்தைப் பார்த்தவர், ஒரு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

இன்றும் அந்தப் பாஸ்வேர்டு பெட்டி வந்தால், "மெயில் திறக்கல பாய்" என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுகிறேன்.